எந்தப் பேனல் என்பது இரண்டாவது கேள்வி

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்காகக் கணினியை ஓயாமல் கணக்குப் போடவிடும் மைனிங்குக்காக, கிராபிக்ஸ் கார்டு பொருத்திய ஐந்து கணினிகளும் (ரிக்குகள்), மைனிங்குக்கென்றே செய்த சிப் உள்ள இரண்டு ஏசிக் கருவிகளும் உங்கள் கண்ணில் படாத வேறொரு கட்டடத்தில் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் திரைப்பகிர்வு மென்பொருள் வழியாகத் தனித்தனியாகத் திறந்து பார்க்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே பேனலில், அதாவது ஒரே நிர்வாகத் திரையில் பார்த்து, அங்கிருந்தே கட்டுப்படுத்த எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கிறீர்கள். அதற்கு ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வருவதற்கான வழி) திறக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னாராம், செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போர்ட் விஷயத்துக்கு உடனடிப் பதில்: திறக்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். மென்பொருளைப் பொறுத்தவரை, உங்கள் கேள்விக்குள் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன. கருவிகள் எப்படி ஓடுகின்றன என்று பார்ப்பது ஒன்று. அமைப்புகளை மாற்றுவது இன்னொன்று. தொங்கிப்போன கருவியை நேரில் போகாமல் எழுப்புவது மூன்றாவது. மூன்றையும் ஒரே மென்பொருள் செய்யும் என்று நினைத்து வாங்குபவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். சர்வர் பராமரிப்பு என் தொழில். மைனிங் கருவிகளையும் சில ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். சில டஜன் கருவிகள் உள்ள இடங்கள் வரைதான் எனக்குப் பழக்கம். ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் பண்ணைகளின் நடைமுறை வேறு, அதைப் பற்றி நான் பேசவில்லை.

திரைப்பகிர்வு ஏன் இதற்குச் சரிப்படாது? அது மனிதர் உட்கார்ந்து வேலை செய்யும் கணினிக்காக உருவானது. ரிக்கில் மானிட்டரே இருக்காது. மானிட்டர் இல்லாத விண்டோஸ் ரிக்கைத் திறந்தால் சில நேரம் கறுப்புத் திரைதான் தெரியும். அதனால் கார்டின் எச்டிஎம்ஐ துளையில் விரல் நுனி அளவு டம்மி பிளக் ஒன்றைச் செருகி, மானிட்டர் இருப்பதுபோல் அதை நம்பவைப்பார்கள். உங்கள் ரிக்குகளிலும் அது இருக்கலாம். இதைவிடப் பெரிய சிக்கல், ஓவர்கிளாக், அதாவது இயல்புக்கு மேல் கூட்டிய வேகம், தாங்காமல் ஒரு கார்டு தொங்கினால் பல நேரம் மொத்த இயங்குதளத்தையும் இழுத்துக்கொண்டு தொங்கும். திரையைப் பிடித்து உங்களுக்கு அனுப்பும் மென்பொருளும் அந்த இயங்குதளத்தில்தானே ஓடுகிறது? தேவைப்படும் நேரம் பார்த்து அதுவும் கைவிட்டுவிடும்.

பேனல்கள் வேறு விதமாக வேலை செய்கின்றன. ஒவ்வொரு ரிக்குக்குள்ளும் ஏஜென்ட் என்ற சிறிய நிரல் ஓடும். அது சிறு இடைவெளிகளில் தானாகவே பேனலின் சர்வரைத் தொடர்புகொண்டு ஹாஷ்ரேட் (கணக்குப் போடும் வேகம்), வெப்பம், மின்விசிறி வேகம், மின்செலவு எல்லாவற்றையும் ஒப்படைக்கும். அதே தொடர்பில் 'எனக்கு ஏதாவது கட்டளை இருக்கிறதா' என்று கேட்டு, இருந்தால் வாங்கி வந்து நிறைவேற்றும். தொடர்பு எப்போதும் உள்ளிருந்து வெளியே போவதால் ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டியதே இல்லை. ஹைவ் ஓஎஸ், ரேவ் ஓஎஸ், சிம்பிள்மைனிங், மைனர்ஸ்டாட் எல்லாம் அடிப்படையில் இதே முறைதான். இவற்றின் லினக்ஸ் பதிப்பை ஒரு எஸ்எஸ்டியில் எழுதி ரிக்கில் போட்டு, உங்கள் கணக்குக்கான அடையாளத்தை அதன் அமைப்புக் கோப்பில் கொடுத்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் ரிக் பேனலில் வந்து நிற்கும். ஹைவ் ஓஎஸ்ஸில் 'ஃபிளைட் ஷீட்' என்று ஒன்று உண்டு. எந்த நாணயம், எந்த வாலட் (நாணயம் வந்து சேரும் கணக்கு), எந்தப் பூல் (பலர் சேர்ந்து மைனிங் செய்து வருமானத்தைப் பிரித்துக்கொள்ளும் சேவை), எந்த மைனர் மென்பொருள் என்பதை ஒரே தாளாகக் கட்டி, வேண்டிய ரிக்குகளுக்கு ஒரே சொடுக்கில் அனுப்பலாம். ஐந்து ரிக்குகளுக்கு இது பெரிய நிம்மதி. எஸ்எஸ்டி என்று சொன்னதைக் கவனியுங்கள். மலிவு பென் டிரைவில் போட்டால் ஓயாமல் பதிவுகளை எழுதி எழுதியே அது செத்துப்போகும். போகும்போது 'ரிக் ஆஃப்லைன்' என்பதற்கு மேல் எந்தத் துப்பும் கிடைக்காது.

ஏசிக் கருவிகளுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. அவற்றில் நீங்கள் விரும்பிய இயங்குதளத்தைப் போட முடியாது. தயாரிப்பாளர் கருவிக்குள் பதித்த மென்பொருளான ஃபர்ம்வேரை எடுத்துவிட்டு பிரெய்ன்ஸ் ஓஎஸ் போன்ற மாற்று ஃபர்ம்வேர் போடலாம், உங்கள் மாடலுக்கு அது இருந்தால். இல்லையென்றால், அதே நெட்வொர்க்கில் ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சின்னக் கணினியை வைத்து, அது உள்ளேயே ஏசிக்கைக் கேட்டு விவரம் வாங்கி வெளியே சொல்லும்படி செய்யலாம். இரண்டாவதைத்தான் நான் முதலில் முயலச் சொல்வேன், ஏனென்றால் ஃபர்ம்வேர் மாற்றம் சொதப்பினால் நேரில் போயாக வேண்டும். ஆன்ட்மைனர் உட்படப் பல ஏசிக்குகளில் சிஜிமைனர் என்ற பழைய மைனிங் நிரலின் காலத்து ஏபிஐ (வேறு நிரல்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வழி) இன்னமும் இருக்கிறது. 4028 என்ற போர்ட்டில் அது காத்திருக்கும். 'சம்மரி' என்று கேட்டால் ஹாஷ்ரேட், ஏற்கப்பட்ட ஷேர்கள் (பூலுக்கு அனுப்பிய வேலைத் துண்டுகள்), நிராகரிக்கப்பட்ட ஷேர்கள், எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று வரும். 'பூல்ஸ்' என்று கேட்டால் எந்தப் பூலுக்கு, எந்தப் பயனர் பெயரில் வேலை செய்கிறது என்பது வரும். இந்த இரண்டாவது பதிலை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். இந்த ஏபிஐக்குக் கடவுச்சொல் கிடையாது. எந்த ஐபியிலிருந்து கேட்கலாம், எந்த ஐபிக்கு மாற்றும் உரிமை உண்டு என்ற பட்டியல் மட்டும்தான் அதன் பூட்டு. வீட்டுக்குள் இருக்கும்வரை பரவாயில்லை. இணையத்தில் வைத்தால் கதவே இல்லாத நிலைதான்.

இனி போர்ட் விஷயம். 2018 ஜனவரியில் சட்டோரி என்ற பாட்நெட்டின், அதாவது தொற்றிய கருவிகளைக் கூட்டமாக இயக்கும் தீநிரலின், புதிய வடிவம் ஒன்று கிளம்பியது. அப்போது ஈத்தீரியம் மைனிங்கில் பரவலாக இருந்த கிளேமோர் மென்பொருள் 3333 என்ற போர்ட்டில் தொலைநிர்வாக வசதி தந்தது, அதுவும் கடவுச்சொல் போடாமலேயே இயங்கும்படி. பாட்நெட் இணையத்தைத் தேடி அந்தப் போர்ட் திறந்திருக்கும் கருவிகளைக் கண்டுபிடித்து, ரிக்கின் மறுதொடக்கக் கோப்பில் தன் பூலையும் வாலட் முகவரியையும் எழுதி, ரிக்கை ரீபூட் செய்தது.  ரிக் திரும்ப எழுந்து அதே வேகத்தில், அதே சூட்டில், அதே மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு வேறொருவருக்காக உழைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2017 இறுதியில், ஈத்ஓஎஸ் என்ற மைனிங் இயங்குதளத்தில் தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை இடும் வழி) திறந்து வைத்தவர்களைத் தேடி இதே மாதிரி வாலட் மாற்றும் தாக்குதல் நடந்தது. போர்ட் எண்ணை மாற்றி வைத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இணையம் முழுவதையும் போர்ட் போர்ட்டாகத் தேடும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. எண்ணை மாற்றுவதால் கொஞ்சம் நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

தயாரிப்பாளரே வைத்த கதவும் உண்டு. 2017 ஏப்ரலில் ஆன்ட்பிளீட் என்ற பெயரில் ஒரு சர்ச்சை வெடித்தது. பிட்மெயினின் ஆன்ட்மைனர் ஃபர்ம்வேர் 1 முதல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு, கருவியின் வரிசை எண், மேக் முகவரி, ஐபி முகவரி ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. சர்வர் ஒரு குறிப்பிட்ட பதிலைத் தந்தால் கருவி மைனிங்கை நிறுத்திவிடும். திருட்டுப்போன கருவிகளை உரிமையாளரே முடக்குவதற்கான வசதி, முடிக்காமல் விட்டது என்று நிறுவனம் விளக்கம் தந்து, அதை நீக்கிய ஃபர்ம்வேரை வெளியிட்டது. விளக்கத்தை நம்புவது நம்பாதது அவரவர் விருப்பம். நான் இதைச் சொல்வதற்குக் காரணம், எந்தப் பேனலைப் போட்டாலும் அதை நடத்துபவரிடம் உங்கள் ரிக்குகளின் ரூட் உரிமையை, அதாவது எதையும் மாற்றும் முழு உரிமையைக் கொடுக்கிறீர்கள் என்பதுதான். அதனால் பேனலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். பேனல் சொல்வதைச் சரிபார்க்க அதற்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி பூல். பேனலில் தெரியும் ஹாஷ்ரேட், ரிக்கே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. பூலில் தெரியும் ஹாஷ்ரேட், உங்கள் பெயரில் உண்மையாக வந்து சேர்ந்த ஷேர்களிலிருந்து கணக்கிடப்படுவது. இரண்டும் வேறு வேறு எண்கள். வாலட்டை யாராவது மாற்றியிருந்தால் பேனலில் எல்லாம் பச்சையாகவே இருக்கும், பூலில் மட்டும் ரிக் காணாமல்போயிருக்கும். 2014 பிப்ரவரி முதல் மே வரை நடந்த ஒரு திருட்டு இன்னும் நுட்பமானது. இணைய வழித்தட அறிவிப்புகளைப் போலியாகச் செய்து, பூல்களுக்குப் போகும் போக்குவரத்தைக் கடத்தி, மைனர்களைத் தன் சர்வருக்குத் திருப்பிவிட்டார் ஒருவர். 83,000 டாலர் அளவுக்கு அவருக்குக் கிடைத்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பறிகொடுத்தவர்களின் ரிக்குகளில் அமைப்புக் கோப்பு எதுவும் மாறவில்லை, வாலட் முகவரி அப்படியே இருந்தது. மைனரும் பூலும் பேசிக்கொள்ளும் ஸ்ட்ராட்டம் நெறிமுறை குறியாக்கம் இல்லாமல் போவதும், 'வேறு சர்வருக்குப் போ' என்ற கட்டளையை மைனர் மறுபேச்சில்லாமல் கேட்பதும் அதற்கு வசதியாகப் போயின. ஆகவே உங்கள் பூல் குறியாக்கம் உள்ள டிஎல்எஸ் முகவரி தந்தால் அதையே போடுங்கள். ஸ்ட்ராட்டம் வி2-வில் குறியாக்கம் உள்ளேயே இருக்கிறது, ஆனால் எல்லாப் பூல்களும் எல்லாக் கருவிகளும் இன்னும் அதற்கு மாறவில்லை.

நடைமுறையில் இதைச் செய்வது சுலபம். பெரும்பாலான பூல்கள் பார்க்க மட்டும் உரிமை உள்ள இணைப்பு அல்லது ஏபிஐ தருகின்றன. பேனலோடு சம்பந்தமில்லாத ஒரு கணினியில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று பூலின் எண்ணை எடுத்து, பேனலின் எண்ணோடு ஒப்பிட்டு, பெரிய வித்தியாசம் இருந்தால் உங்களுக்குச் செய்தி அனுப்பட்டும். ஏசிக்குகளுக்கு முன்பு சொன்ன 'பூல்ஸ்' பதிலையும் அதே ஸ்கிரிப்ட் எடுத்து, பயனர் பெயர் உங்களுடையதுதானா என்று பார்க்கட்டும். எழுதத் தெரிந்த யாருக்கும் ஒரு மாலை நேர வேலைதான். ஒப்பிடும்போது ஒன்று கவனம்: பூலின் எண் இயல்பாகவே ஆடும். ஷேர் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒரு கால அளவில் 100 ஷேர் வருகிறது என்றால் 10 சதவீதம் மேலும் கீழும் போவது சர்வ சாதாரணம். 400 ஷேர் என்றால் 5 சதவீதம், 10,000 என்றால் 1 சதவீதம். அதனால் ஒரு மணி நேர எண் 15 சதவீதம் சரிந்தது என்று பதறி ஓவர்கிளாக்கை நோண்டாதீர்கள். 24 மணி நேரச் சராசரி தொடர்ந்து கீழேயே நின்றால்தான் பேச வேண்டும். நிரந்தரமாக 1 சதவீத அளவு குறைவாகவே இருக்கிறதென்றால் அது திருட்டு இல்லை, மைனர் மென்பொருளின் டெவலப்பர் கட்டணமாக இருக்கலாம். எக்ஸ்எம்ரிக் என்ற மைனர் மென்பொருளில் இயல்பாக 1 சதவீதம் அப்படிப் போகும்.

சரி, வெளியிலிருந்து ரிக்குக்குள் நேராகப் போக வேண்டிய தேவையும் அவ்வப்போது வரும். அதற்கு விபிஎன் (இணையத்தின் வழியே போகும் பூட்டிய தனிப்பாதை) போடுங்கள். என் தேர்வு வயர்கார்டு. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6-இலிருந்து அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதனிடம் எனக்குப் பிடித்தது, சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது; தேடி வருகிற நிரலுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. போர்ட் திறக்காதீர்கள் என்று நான் சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. உங்கள் இணைய இணைப்பில் பல வாடிக்கையாளருக்குப் பொதுவாக ஒரே ஐபி கொடுத்திருந்தால் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. ரௌட்டர் காட்டும் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் அந்த நிலைமைதான். அப்போது அந்த ராஸ்பெர்ரி பையே வெளியில் உள்ள ஒரு சின்ன சர்வருக்கு வயர்கார்டு தொடர்பு ஏற்படுத்தி, 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு பாக்கெட் அனுப்பித் தொடர்பை உயிரோடு வைத்திருக்கட்டும். இதையெல்லாம் கையால் செய்ய அலுப்பாக இருந்தால் டெயில்ஸ்கேல் போன்ற சேவை வயர்கார்டின் மேலேயே கட்டப்பட்டது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அப்புறம், கருவிகளை உங்கள் மற்ற கணினிகள் இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, விலேன் (VLAN) என்ற தனிப் பிரிவில் வையுங்கள். ஆன்ட்மைனரில் பயனர் பெயரும் ரூட், கடவுச்சொல்லும் ரூட் என்றே வரும்; அந்த இயல்புக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பேனல் கணக்குக்கும் பூல் கணக்குக்கும் வேறு வேறு கடவுச்சொல் வைத்து, இரண்டுக்கும் செயலி வழி இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள், எஸ்எம்எஸ் வேண்டாம். ரிக்கில் வாலட்டின் மீட்புச் சொற்களோ தனிச் சாவியோ ஒருபோதும் இருக்கக் கூடாது. மைனிங் செய்யப் பெறும் முகவரி மட்டும் போதும்.

மூன்றாவது வேலைக்கு வருவோம், எழுப்புவது. பேனலில் ரீபூட் பொத்தான் இருக்கும். ஏஜென்ட் உயிரோடு இருந்தால்தான் அது வேலை செய்யும், தொங்கிய ரிக்கில் ஏஜென்ட்டும் தொங்கியிருக்கும். ஆகவே இதை அடுக்கு அடுக்காகச் செய்ய வேண்டும். மைனர் நிரல் மட்டும் நின்றால் அதைத் திரும்ப ஓடவிடும் மென்பொருள் வாட்ச்டாக் பேனல்களிலேயே உண்டு. இயங்குதளமே தொங்கினால், யுஎஸ்பியில் செருகும் வாட்ச்டாக் பலகை உதவும். அதிலிருந்து இரண்டு கம்பிகள் மதர்போர்டின் ரீசெட் பின்களுக்குப் போகும். குறித்த நேரத்துக்குள் இயங்குதளத்திடமிருந்து 'உயிரோடு இருக்கிறேன்' என்ற குறிப்பு வராவிட்டால் அது தானே ரீசெட்டை அழுத்திவிடும். இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும் என்பது இதன் சிறப்பு. விலையும் சொற்பம். ஐந்து ரிக்குகளுக்கும் போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் எண்ணிக்கை வரம்பு வையுங்கள்: மூன்று முறை எழுப்பியும் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்பத் தொங்கினால் நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்பட்டும். இல்லாவிட்டால் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர் கேபிள் கெட்டுப்போன ஒரு ரிக் இரவெல்லாம் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கும்.

வேக்-ஆன்-லேன் இந்த வேலைக்கு உதவும் என்று பலர் நம்புகிறார்கள். அணைந்து கிடக்கும் கணினியைத்தான் அது எழுப்பும், தொங்கிய கணினியை எழுப்பாது. அந்தப் பாக்கெட் வழக்கமாக ரௌட்டரையும் தாண்டாது. உள்ளிருக்கும் ராஸ்பெர்ரி பைதான் அனுப்ப வேண்டும். அதைவிட நேரடியான வழி மின்சாரத்தையே துண்டித்துத் திரும்பக் கொடுப்பது. இதற்கு முதலில் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) ஓர் அமைப்பை மாற்றியிருக்க வேண்டும். 'மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும்; அது 'பவர் ஆன்' என்று இருக்கட்டும். பல போர்டுகளில் அது 'பவர் ஆஃப்' என்றே வருகிறது. இதைச் செய்யாமல் ஸ்மார்ட் பிளக் வாங்கினால் தூரத்திலிருந்து அணைக்க மட்டும்தான் முடியும்.

ஸ்மார்ட் பிளக் என்றதும் ஓர் எச்சரிக்கை. ஆன்ட்மைனர் எஸ்19 போன்ற கருவி 3,250 வாட் இழுக்கும். 220 வோல்ட்டில் ஏறக்குறைய 15 ஆம்பியர், அதுவும் நாள் முழுக்க. 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் அதைச் செருகினால் பிளக் உருகலாம். 16 என்று எழுதியிருக்கும் பிளக்கும் தொடர்ச்சியான சுமைக்கு ஏற்றதென்று நான் நம்ப மாட்டேன். ஏசிக்குக்கு முறையான வழி ஒரு கான்டாக்டர்: பெரிய மின்சாரத்தைக் கான்டாக்டர் தாங்கும், அதன் சுருளுக்குப் போகும் சிறிய மின்சாரத்தை மட்டும் ஸ்மார்ட் சுவிட்ச் தொடும். இதை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். உங்கள் கட்டடத்தின் வயரிங்கைப் பார்க்காமல் அதற்கு மேல் நான் சொல்வது சரியாகாது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நொடியில் மின்சாரம் திரும்பினால் பிரேக்கர் விழ வாய்ப்புண்டு. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிட இடைவெளி விடுங்கள்.

தீப் பாதுகாப்பை இந்தப் பேனலோடு சேர்க்காதீர்கள். அறை சூடானால் பேனல் அலாரம் அனுப்பும், நீங்கள் போனில் பார்த்து அணைத்துவிடலாம் என்ற திட்டம் இணையம் போன நேரத்தில் திட்டமே இல்லை. குறிப்பிட்ட வெப்பத்தில் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டும் புகை உணரியும் அந்த அறையிலேயே, நெட்வொர்க்கைச் சாராமல் இருக்க வேண்டும். இதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

அலாரம் என்றால் குறைவாகவே வையுங்கள். ஐந்து நிமிடமாக ஆஃப்லைன், பத்து நிமிடமாக ஹாஷ்ரேட் 10 சதவீதத்துக்கு மேல் குறைவு, நிராகரிக்கப்பட்ட ஷேர்கள் 2 சதவீதத்தைத் தாண்டியது, வெப்பம். நான்கு போதும். நாற்பது வைத்தால் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மியூட் செய்துவிடுவீர்கள். வெப்பத்தில், உங்கள் கார்டுகள் ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் உள்ளவையாக இருந்தால் சிப்பின் வெப்பத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிப் 60 டிகிரியில் நிதானமாக இருக்கும்போதே நினைவகம் 100 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். 110-இல் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 'ஹாஷ்ரேட் காரணமில்லாமல் குறைகிறது' என்று நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள். இன்னொன்று, அலாரம் அனுப்பும் நிரல் அதே கட்டடத்தில் ஓடினால், மின்சாரம் மொத்தமாகப் போகும்போது அதுவும் சேர்ந்து படுத்துவிடும். 'இவ்வளவு நேரமாக அங்கிருந்து ஒரு குறிப்பும் வரவில்லை' என்று சொல்லும் அலாரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆன்லைன் பேனல்களில் இது இயல்பாகவே கிடைக்கிறது. பிராமிதியஸ், கிராஃபானா போன்ற கண்காணிப்பு மென்பொருளை வைத்துச் சொந்தமாகப் பேனல் கட்டுபவர்கள்தான் பெரும்பாலும் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

சொந்தமாகக் கட்டலாமா, ஆன்லைன் பேனல் எடுக்கலாமா என்பதற்கு என் கருத்து: உங்கள் அளவுக்கு ஆன்லைன் பேனல் போதும். சொந்தப் பேனலின் படங்கள் அழகாக இருக்கும், உங்கள் தரவு உங்களிடமே இருக்கும். ஆனால் அதைப் பராமரிப்பது எட்டாவது கருவி ஒன்றை வாங்கி வைத்ததற்குச் சமம். விண்டோஸை விட மனமில்லை என்றால் ஆசம் மைனர் பார்க்கலாம். அது விண்டோஸ் கணினியில் ஓடி, ரிக்குகளில் ஏஜென்ட் போட்டு நிர்வகிக்கும், ஏசிக்குகளையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். எதை எடுத்தாலும் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, செக்சம் (கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் எண்) சரிபார்த்துப் போடுங்கள். மைனிங் மென்பொருளை ஆன்டிவைரஸ் பிடிப்பது வழக்கம்தான், ஆனால் அதற்காக ஆன்டிவைரஸையே அணைத்துவிட்டு யாரோ பகிர்ந்த கோப்பை ஓடவிடுவது வேண்டாம். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

'எல்லாவற்றுக்கும் அனுப்பு' என்ற பொத்தான் கையில் வந்ததும் கொஞ்சம் நிதானம் தேவை. புதிய ஓவர்கிளாக் எண்ணையோ டிரைவரையோ முதலில் ஒரே ரிக்குக்குக் கொடுத்து, ஒரு நாள் ஓடவிட்டு, பூல் பக்க எண்ணைப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புங்கள். கார்டின் வீபயாஸை, அதாவது அதன் ஃபர்ம்வேரை, மாற்றுவதைத் தூரத்திலிருந்து செய்யவே வேண்டாம். ஏசிக்கின் அமைப்புப் பக்கத்தில் மூன்று பூல்களுக்கு இடம் இருக்கும். மூன்றையும் நிரப்புங்கள், ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்கு அதுவே போகும், உங்களை எழுப்பாது.

இதெல்லாம் எப்படிச் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதற்காகச் செலவழிப்பது உங்களுக்குக் கட்டுபடியாகுமா என்பதுதான் நான் உறுதியாகச் சொல்ல முடியாதது. 2022 செப்டம்பர் 15-இல் ஈத்தீரியம் மைனிங்கையே கைவிட்டது. அதன்பிறகு கிராபிக்ஸ் கார்டு ரிக்குகளுக்கு அந்த அளவு வருமானம் தரும் நாணயம் வரவில்லை. பிட்காயினில் 2024 ஏப்ரலில் பிளாக் (பரிவர்த்தனைத் தொகுப்பு) ஒன்றுக்கான பரிசு 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆகிவிட்டது. உங்கள் மின்கட்டணமும் கருவிகளின் திறனும் தெரியாமல் லாபம் பற்றி யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. சீனா 2021-இல் மொத்தமாகத் தடை செய்தது, வேறு சில நாடுகளில் வரி விதியோ மின் விதியோ மட்டும் உண்டு. உங்கள் இடத்து விதியை அங்கே தெரிந்தவரிடம் கேளுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பேனல்களில் பணியிடத்துக் கணினியையோ கல்லூரிக் கணினி ஆய்வகத்தையோ சேர்ப்பது தொழில்நுட்ப ரீதியில் இதே அளவு சுலபம்தான். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் செய்தால் அதற்குப் பெயர் திருட்டு. நீங்கள் கேட்டது உங்கள் சொந்தக் கருவிகளைப் பற்றி என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஏழு கருவிகளையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் வேலை கடவுச்சொற்களும் பூலின் பார்வை இணைப்பும். இதற்குப் பேனலே தேவையில்லை, இன்றைக்கே செய்யலாம். அடுத்து ஒரு ரிக்கை மட்டும் பேனலுக்கு மாற்றி, வாட்ச்டாக் பலகை போட்டு, பயாஸ் அமைப்பை மாற்றுங்கள். நேரில் இருக்கும்போதே சோதித்துப் பாருங்கள்: ஓவர்கிளாக்கை வேண்டுமென்றே ஏற்றித் தொங்கவிட்டால் அது தானாக எழுகிறதா, மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகினால் திரும்ப ஓடுகிறதா, இணையக் கேபிளைக் கழற்றினால் உங்கள் போனுக்குச் செய்தி வருகிறதா. அப்புறம் அந்த ரிக்கில் வாலட் முகவரியை உங்களுடைய இன்னொரு முகவரிக்கு மாற்றிவிட்டு, உங்கள் ஸ்கிரிப்ட் எவ்வளவு நேரத்தில் கத்துகிறது என்று பாருங்கள். அது கத்திய பிறகு இரண்டாவது ரிக்கைத் தொடுங்கள். ஏசிக்குகள் கடைசியில்.